அத்தை முட்டிக்கு எதற்கு எக்கோ?

குழு: ஈசூன் குடும்பம்

திங்கள்

சரோஜா: ஸ்கேன் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். கவிதா, வேலை முடிந்ததும் எனக்கு ஒரு பதில் போடும்மா. மனசு சரியில்லை.

லதா: என்ன ஆச்சு அண்ணி?

சரோஜா: முட்டிக்குத்தானே எம்ஆர்ஐ எடுக்கப் போனேன்? கடைசிப் படத்துக்கு முன்னால் அந்தப் பொண்ணு வந்து, "ஆன்டி, இது ஏழு நிமிடம், ஆடாமல் இருங்கள், இரண்டு எக்கோ சேர்த்து எடுக்கிறோம்" என்று சொன்னாள். எக்கோ என்றால் இதயத்துக்கு எடுப்பதுதானே? என் அப்பாவுக்கு எடுத்தார்களே. அதுவும் இரண்டு. என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் போல இருக்கிறது.

செல்வம்: நான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன், இதயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று. டாக்சி ஓட்டுகிறவன் பேச்சை யார் கேட்பது.

தினேஷ்: அம்மா, கவிதா அக்கா வரட்டும், எம்ஆர்ஐ எடுப்பதுதானே அவர் வேலை. அதுவரைக்கும் கூகுள் பார்க்காதீர்கள்.

கவிதா: வந்துவிட்டேன் அத்தை. இப்போதுதான் ஷிப்ட் முடிந்தது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உங்கள் இதயத்தை யாரும் பார்க்கவில்லை. தாத்தாவுக்கு எடுத்தது அல்ட்ராசவுண்ட், ஒலி அலையை அனுப்பி அது திரும்பி வருவதைப் பிடிப்பது. எம்ஆர்ஐயிலும் எக்கோ என்ற சொல் உண்டு, ஆனால் அது வேறு.

சரோஜா: அப்பாடா.

சரோஜா: அப்போது உள்ளே டக் டக் டக் என்று இடித்ததே, அதுதான் அந்த எக்கோவா?

கவிதா: அதுவும் இல்லை அத்தை. அந்தச் சத்தம் இயந்திரத்துக்குள் இருக்கும் கம்பிச்சுருள்களுடையது. அவற்றில் மின்சாரத்தை வேகமாக மாற்றி மாற்றி விடுவார்கள். பக்கத்திலேயே பெரிய காந்தம் இருப்பதால் சுருள் அதிரும், அதுதான் இடிப்பது. நாங்கள் பிடிக்கிற எக்கோ காதுக்கே கேட்காது. அது ரேடியோ அலை.

செல்வம்: ரேடியோ என்றால் நம்ம சிங்கப்பூர் வானொலி, ஒலி 96.8 மாதிரியா?

கவிதா: அதே இனம்தான் மாமா! ஒலி வருவது 96.8 மெகாஹெர்ட்ஸில். காந்தத்தின் வலிமையை டெஸ்லா என்ற அளவில் சொல்வோம். 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ கேட்பது சுமார் 64 மெகாஹெர்ட்ஸில், 3 டெஸ்லா என்றால் சுமார் 128. உங்கள் டாக்சி ரேடியோ இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதனால்தான் ஸ்கேன் அறையைச் சுற்றிச் செம்புத் தகடு அடித்திருப்பார்கள். வெளியே இருந்து ரேடியோ நுழைந்தால் படத்தில் கோடு கோடாக விழும். முட்டியிலிருந்து வரும் சிக்னல் அவ்வளவு மெல்லியது.

செல்வம்: முட்டியிலிருந்து ரேடியோவா!

கவிதா: ஆமாம். நம் உடம்பு முழுக்கத் தண்ணீர், தண்ணீரில் ஹைட்ரஜன். காந்தத்துக்குள் போனதும் அவை ஓர் ஒழுங்குக்கு வரும். நாங்கள் ஒரு ரேடியோ துடிப்பால் அவற்றைத் தட்டிவிடுவோம். தட்டியதும் அவையே கொஞ்ச நேரம் சிக்னல் கொடுக்கும், பிறகு கலைந்து அடங்கிவிடும். அடங்கியதைத் திரும்ப ஒன்றுகூட்டினால் சிக்னல் இன்னொரு முறை எழும். அதைத்தான் எக்கோ என்கிறோம். எர்வின் ஹான் என்ற இயற்பியலாளர் 1950-இல் எழுதியது, எம்ஆர்ஐ படம் என்ற ஒன்றே வராத காலம்.

லதா: சரி, ஒன்று போதாதா? எதற்கு இரண்டு?

கவிதா: அம்மா, நம் பூஜை அலமாரியில் இருக்கிற வெண்கல மணியையும் பக்கத்தில் ஒரு மண்பானையையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தட்டுகிறோம். தட்டிய உடனே கேட்டால் இரண்டு சத்தமும் இருக்கும். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் பானை அடங்கியிருக்கும், மணி மட்டும் ரீங்காரமிடும்.

கவிதா: முட்டியில் குருத்தெலும்புதான் பானை. மூட்டுக்குள் இருக்கிற நீர்தான் மணி. முதல் எக்கோவில் எல்லாம் தெரியும், ஆனால் குருத்தெலும்பு எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்பது அவ்வளவு தெளிவாக இருக்காது. இரண்டாவது எக்கோ முந்தைய துடிப்பின் மிச்சம், தாமதமாக வருவது. அதில் நீர் பளிச்சென்று இருக்கும், மற்றதெல்லாம் மங்கிவிடும். இரண்டையும் சேர்த்தால் சாம்பல் நிறத்தில் குருத்தெலும்பு, அதை ஒட்டி வெள்ளையாக நீர், நடுவே விளிம்பு. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அந்த விளிம்பை வைத்துத்தான் அளப்பார்கள்.

சரோஜா: குருத்தெலும்பு என்றால் ஜவ்வுதானே?

கவிதா: நாம் எல்லாவற்றையும் ஜவ்வு என்றே சொல்லிவிடுகிறோம் அத்தை. எலும்பின் முனையில் வழுவழுவென்று பூசினாற்போல இருப்பது குருத்தெலும்பு. இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவில் மெத்தை மாதிரி இருப்பது மெனிஸ்கஸ். எலும்பை எலும்போடு கட்டிவைப்பது தசைநார். டாக்டர் "ஜவ்வு" என்றால் எந்த ஜவ்வு என்று கட்டாயம் கேளுங்கள், ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

தினேஷ்: அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். பாலிடெக்னிக்கில் சிக்னல் பாடம் ஓடுகிறது. இரண்டு எக்கோவையும் சேர்ப்பது என்றால் அப்படியே கூட்டுவதா?

கவிதா: அப்படியே கூட்டினால் ஆபத்து. ஒவ்வொரு சிக்னலுக்கும் அளவோடு கூடத் திசையும் உண்டு. எதிர் எதிராக இருந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். வழக்கமான ஒரு வழி, இரண்டின் அளவையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பது. 3, 4 என்றால் 5.

தினேஷ்: பைத்தகோரஸ்!

கவிதா: அதேதான். இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஓர் எக்கோவில் 10, மற்றதில் இரைச்சல் மட்டும் 1 என்று வை. நேராகக் கூட்டினால் 11. இந்த வழியில் 10.05 தான். பலவீனமான எக்கோவின் இரைச்சல் நல்ல எக்கோவைக் கெடுப்பதில்லை. இதெல்லாம் கணினியே செய்துவிடும், நாங்கள் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை.

தினேஷ்: அப்போது தனித்தனிப் படங்கள் வீணா?

கவிதா: இல்லவே இல்லை. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் சிக்னல் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று கணிக்கலாம். குருத்தெலும்பு மெலிவதற்கு முன்பே அதில் தண்ணீர் இருக்கும் விதம் மாறத் தொடங்கும், அந்த மாற்றத்தைப் பிடிக்க இது உதவும். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான். ஒரே ஸ்கேனில் சேர்த்தும் பார்க்கலாம், பிரித்தும் பார்க்கலாம். இந்த இரண்டு எக்கோ முறைக்கு டெஸ் (DESS) என்று பெயர், 1988-இலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் மூட்டுத் தேய்மானத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில் 4,796 பேர் சேர்ந்தார்கள். அங்கேயும் குருத்தெலும்பை அளக்க இதே முறைதான்.

சரோஜா: கவிதா, இதைக் குழுவில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கடைசிப் படத்தை எனக்கு இரண்டு தடவை எடுத்தார்கள். நடுவில் பாதம் மரத்துப்போய்க் கொஞ்சம் அசைத்துவிட்டேன். வெளியே எத்தனை பேர் காத்திருந்தார்கள். ஒருவர் முகத்தைச் சுளித்தார்.

கவிதா: அத்தை, இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. ஏழு நிமிடம் காலை ஆட்டாமல் வைப்பது கஷ்டம், வலிக்கிற காலை வைப்பது அதைவிடக் கஷ்டம். தினமும் நான் பார்க்கிறேன். சில படங்கள் துண்டு துண்டாக எடுப்பவை, அசைந்தால் சில துண்டுகள் போகும். இது முட்டி முழுவதையும் ஒரே படமாகச் சேர்த்து எடுப்பது, ஒரு நொடி அசைந்தாலும் படம் முழுக்கக் கலங்கும். அதனால்தான் திரும்ப எடுத்திருக்கிறார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், ஆனால் உங்கள் முட்டிக்குக் கீழே இன்னொரு தலையணை வைத்திருப்பேன்.

கவிதா: இன்னொன்று. இரண்டு எக்கோவுக்கும் நடுவே சில மில்லிவினாடிதான். தனித்தனியாக இரண்டு ஸ்கேன் எடுத்து ஒட்டினால், நடுவில் கால் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் விளிம்பு பொருந்தாது. குருத்தெலும்பே சில மில்லிமீட்டர்தானே கனம்.

சரோஜா: இரண்டாம் தடவை முருகா முருகா என்று எண்ணிக்கொண்டே கிடந்தேன். நகரவே இல்லை.

கவிதா: அப்படியென்றால் படம் நன்றாக வந்திருக்கும். நிம்மதியாகத் தூங்குங்கள்.

செல்வம்: எனக்கும் அடுத்த மாதம் கல்லீரலுக்கு எம்ஆர்ஐ. அதிலும் எக்கோ உண்டா?

கவிதா: உண்டு மாமா. கொழுப்பின் சிக்னலும் தண்ணீரின் சிக்னலும் கொஞ்சம் வேறு வேகத்தில் சுற்றும். 1.5 டெஸ்லாவில், தட்டிய 2.3 மில்லிவினாடியில் எதிரும் புதிருமாக நிற்கும், 4.6-இல் சேர்ந்து நிற்கும். இரண்டு நேரத்திலும் ஓர் எக்கோ பிடித்து, கூட்டினால் தண்ணீர்ப் படம், கழித்தால் கொழுப்புப் படம். 1984-இல் டிக்சன் என்பவர் சொன்ன வழி. நீங்கள் மூச்சை மட்டும் சொல்கிறபோது அடக்கிக்கொள்ளுங்கள்.

லதா: அதுவரைக்கும் ரொட்டி பிரட்டா தின்பதையும் அடக்கச் சொல்.

வியாழன்

தினேஷ்: டாக்டரைப் பார்த்துவிட்டோம். திரையைப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன், சரி என்றார்.

தினேஷ்: 📷 படம்

தினேஷ்: இடது பக்கம் முதல் எக்கோ, நடுவில் இரண்டாவது, வலது பக்கம் சேர்த்தது. நடுப் படத்தில் நீர் மட்டும் வெள்ளையாக எரிகிறது அக்கா, நீங்கள் சொன்னபடியே.

கவிதா: அழகான படம் அத்தை. விளிம்பு எவ்வளவு கூர்மையாக இருக்கிறது பாருங்கள். டாக்டர் என்ன சொன்னார்? அறிக்கை எழுதுவது ரேடியாலஜிஸ்ட், அதனால் நான் படத்தைப் பார்த்து எதுவும் சொல்லக்கூடாது.

செல்வம்: உள்பக்கம் மெலிந்திருக்கிறதாம், முழுக்கப் போகவில்லையாம். மெனிஸ்கஸ் கிழியவில்லை. இப்போதைக்கு அறுவை வேண்டாம், பிசியோ போதும் என்றார். எந்த ஜவ்வு என்று நானே கேட்டேன்.

லதா: முருகா, நல்ல செய்தி.

தினேஷ்: இந்தச் சேர்த்த படத்தை மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்டதற்கு, எலும்புக்குள் வீக்கம் இருந்தால் இதில் சரியாகத் தெரியாது என்று வேறு படங்களையும் காட்டினார்.

கவிதா: சரியாகச் சொன்னார். கொழுப்பை அடக்கி எடுக்கிற படங்களில்தான் அந்த வீக்கம் நன்றாகத் தெரியும். டெஸ் குருத்தெலும்புக்குக் கெட்டிக்காரி, எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டக்கூடாது.

சரோஜா: கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன் கவிதா. அந்தச் சாம்பல் கோடுதானே? நூல் மாதிரி இருக்கிறது. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் 22 வருஷம் காலையிலிருந்து மதியம் வரை நின்றேனே, இதன் மேலேயா நின்றேன்?

கவிதா: ஆமாம் அத்தை. அதன் மேலேதான்.

சரோஜா: பாவம், ஒரு நாள் கூட அதைப் பற்றி நினைத்ததில்லை.

சரோஜா: சரி, பிசியோ திங்கட்கிழமை காலை 8.30-க்கு. தினேஷுக்கு வகுப்பு இருக்கிறது. லதா, நீ கூட வருகிறாயா?

லதா: வருகிறேன் அண்ணி. 7.45-க்கு உங்கள் புளோக் மின்தூக்கிப் பக்கம் நிற்கிறேன்.