நீலத் தாழைக்கோழிக்குப் பின்னால் காய்ந்த சட்டை

கொழும்புக்கு அருகே இருக்கும் தலங்கமக் குளத்துக்கு விடியற்காலையில் படம் எடுக்கப் போய்வருகிறேன். ஒருநாள் எனக்கு முன்னமே ஒரு ஐயா வந்து, ஈரப் புல்லில் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்திருந்தார். அவருடைய லென்ஸ் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருந்தது. நான் நின்றபடியே ஒரு வெள்ளைக் கொக்கைப் பத்துப் பதினைந்து படம் எடுத்துவிட்டு அவரிடம் காட்டினேன்.

உற்றுப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இறகு எங்க?" என்று கேட்டார்.

உண்மைதான். உடம்பு முழுக்க ஒரே வெள்ளைத் திட்டு. சட்டகத்தில் முக்கால்வாசி இருண்ட தண்ணீர் என்பதால், கமரா எல்லாவற்றையும் சேர்த்து வெளிச்சமாக்கிவிட்டது. "கொஞ்சம் இருட்டாவே எடுங்கோ. நிழலைப் பிறகு தூக்கலாம், எரிஞ்ச வெள்ளை திரும்பி வராது" என்றார். கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பில் எடுத்தாலும் இதுதான் கதை. எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேலே, அதாவது பாதிக்கும் கீழாக, குறைத்தேன். தண்ணீர் கரும்பச்சையாக இறங்கிவிட்டது. கழுத்து மயிர் இழை இழையாகப் பிரிந்து தெரிந்தது, அலகு நுனியில் தொங்கிய சொட்டும் கூட.

அப்புறம் பிளேன்ரீ குடிக்கும்போது தன் மடிக்கணினியைத் திறந்தார். ஒரு நீலத் தாழைக்கோழி. அதற்குப் பின்னால், கரையோர வீட்டு மொட்டைமாடிக் கொடியில் ஒரு சிவப்புச் சட்டை காய்கிறது. நானாக இருந்தால் எடிட்டில் முதல் வேலையாக அந்தச் சட்டையை அழித்திருப்பேன். அவரோ அதற்காகவே இரண்டடி தள்ளிப் படுத்திருக்கிறார். அப்பர்ச்சரை (லென்ஸின் துவாரத்தை) நன்றாகத் திறந்து எடுத்ததில் சட்டை வெறும் சிவப்புப் புகையாகக் கரைந்து, பறவையின் சிவந்த அலகோடும் நெற்றியோடும் போய்ச் சேர்ந்திருந்தது. எடிட்டில் அவர் தொட்டது மிகக் குறைவு. ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையை, பகல் வெளிச்சத்திலேயே விட்டிருந்தார், விடியலின் நீலம் போகாமல் இருக்க. நிழலைக் கொஞ்சம் தூக்கியிருந்தார். அவ்வளவுதான்.

2018இல் கொழும்புக்கு, ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. வீடும் கொடிக்கயிறும் பறவையும் ஒரே இடத்தில் இருக்கிற ஊர் இது. நான் இத்தனை நாளாக ஊரை அழித்துவிட்டுப் பறவையை மட்டும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து பழைய மூலக் கோப்புகளைத் தேடி எடுத்தேன். நான் அழித்த மின்கம்பிகளில் ஒன்றில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது.

*

இதைப் படித்த ஒருவர் எழுதியது: அக்கா, உங்கள் சிவப்புச் சட்டைக் கதையைப் படித்ததும் கொழும்பு நகருக்குள் இருக்கும் பேரை வாவி ஞாபகம் வந்தது. மாலையில் கூழைக்கடாக்கள் மரத்துக்குத் திரும்பும் நேரம், ஷட்டர் வேகத்தை 1/20 நொடிக்கு இறக்கி, பறவை போகும் போக்கிலேயே கமராவையும் திருப்பினேன். நாற்பது படத்தில் ஒன்றுதான் தேறியது. தலை மட்டும் தெளிவு, சிறகு பஞ்சுபோல் கலங்கல், பின்னால் கட்டட விளக்குகள் மஞ்சள் கோடுகளாக ஓடின. அந்த மஞ்சள் சிறகிலும் படிந்திருந்தது. அதை வெளுப்பாக்கிப் பார்த்தேன், செத்துப்போன மாதிரி இருந்தது. மஞ்சளையே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.