கோண்டாவில் கிணற்றுத் தண்ணீரில் 4 மாதக் குழந்தைக்குப் பால்மா கரைக்கலாமா?

கோண்டாவில் மருமகள்:
கொழும்பில் இருந்து போன மாதம்தான் யாழ்ப்பாணத்தில் கணவரின் ஊருக்கு வந்தோம். சின்னவனுக்கு 4 மாதம், தாய்ப்பால் போதாமல் இரவில் பால்மாவும் கொடுக்கிறேன். கிணறு வெங்காயத் தோட்டத்தோடு ஒட்டியபடி இருக்கிறது, பின்வளவில் மலகூடக் குழி. தண்ணீர் பளிங்கு மாதிரி, ருசியும் நல்லம். மாமி "இந்தத் தண்ணியிலைதான் அஞ்சு பிள்ளையளையும் வளர்த்தனான், கொதிக்க வைச்சுக் குடு பிள்ளை, ஒண்டும் செய்யாது" என்கிறார். நானும் நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் கரைக்கிறேன், ஆனால் பக்கத்து வீட்டு அக்கா இந்தப் பக்கம் நைத்திரேற்று கூட என்று சொல்லிப் பயமுறுத்திவிட்டுப் போய்விட்டார்.

அடுத்தது மூத்தவளின் பள்ளிக்கூடம். பழைய அஸ்பெஸ்டஸ் கூரையைக் கழற்றுகிறார்கள், உடைந்த துண்டுகள் மதிலோரம் குவிந்து கிடக்கின்றன. குப்பையோடு பிளாஸ்டிக் போத்தல்களையும் சேர்த்துக் கொளுத்துகிறார்கள். நேற்று இவள் ஒரு சீற் துண்டைப் புத்தகப் பைக்குள் கொண்டுவந்தாள், முற்றத்தில் கோடு கீறி விளையாடவாம்! எதற்கு முதலில் ஓடுவது?

ஆய்வுகூடத்துத் தம்பி:
தண்ணீருக்குத்தான் அக்கா, இன்றைக்கே. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. அது பசளையிலிருந்தும் மலகூடக் குழியிலிருந்தும் வந்து தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, தண்ணீர் வற்ற வற்ற மிச்சத்தில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். குளோரின் போட்டாலும் பலனில்லை. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் வயிற்றில் அது நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் செய்துவிடும். உதடு, நகம் நீலம் பாரித்தால் யோசித்துக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீங்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தாலும் தாய்ப்பாலுக்கு நைத்திரேற்று பெரிதாக வராது, ஆகவே பால் கூடுவதற்கு என்ன செய்யலாம் என்று மிட்வைஃப் மிஸ்ஸிடமும் கேளுங்கள்.

பரிசோதனைத் தாளைப் பார்க்கும்போது ஒரு விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. சில ஆய்வுகூடங்கள் அதில் உள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டு நைத்திரேற்று-நைதரசன் என்று போடும், அந்தக் கணக்கில் எல்லை 11தான். ஒருவர் 18 என்ற தாளைக் காட்டி "ஐம்பதுக்குக் கீழேதானே" என்று சந்தோஷப்பட்டார். அது நைதரசன் கணக்கு, நைத்திரேற்றாகப் பார்த்தால் 80க்குக் கிட்ட.

செம்மண்:
தோட்டம் செய்கிறவன் சொல்கிறேன். எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல், முழுக்க வெடிப்பும் பொந்தும், மாரி மழைக்கு யூரியா கரைந்து நேரே ஊற்றுக்குப் போய்விடும். அளவுக்கு மிஞ்சிப் பசளை போடுகிறோம், அதை மறைக்கவில்லை. ஆனால் முழுப் பழியையும் தோட்டக்காரன் தலையில் கட்டாதீர்கள், வளவுக்கு வளவு அடி சீமெந்து போடாத மலகூடக் குழி வெட்டியது யார்? சுன்னாகத்தில் மின்நிலையத்து எண்ணெய் கலந்தபோது கிணறு மணந்தது, சனம் கிளம்பியது, 2019இல் உச்ச நீதிமன்றம் அந்த மின் நிறுவனத்தை 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. மணமே இல்லாத நைத்திரேற்றுக்கு யார் மேல் வழக்குப் போடுவது?

மாமியோடு சண்டை பிடிக்காதீர்கள். அவர் பிள்ளை வளர்த்த காலத்தில் மாட்டெருவும் குழையும்தான் தாட்டிருப்பார்கள். தண்ணீர் அதே தண்ணீர் இல்லை.

நல்லூரான்:
ஃபில்டர் ஒன்றை வாங்கிப் பூட்டுங்கள், முடிந்தது.

ஆய்வுகூடத்துத் தம்பி:
எந்த ஃபில்டர் அண்ணை? மண், கரி வைத்த ஃபில்டர் நைத்திரேற்றைப் பிடிக்காது. தண்ணீரை நுண்ணிய சவ்வுக்குள்ளால் அழுத்தி வடிக்கிற ஆர்.ஓ. பிடிக்கும். கானில் வாங்குவதானாலும் ஆர்.ஓ. தண்ணீரா என்று கேட்டு வாங்கி, அதையும் கொதிக்க வைத்துத்தான் பால்மா கரைக்க வேண்டும்.

மேசன் மகள்:
கூரை விஷயத்தை ஒருவரும் தொடவில்லையே. முழுசாகக் கிடக்கிற சீற் அவ்வளவு மோசமில்லை, உடைக்கும்போது, அரியும்போது, துளைக்கும்போது கிளம்புகிற தூசுதான் ஆபத்து. அந்த நார் நுரையீரலில் தங்கிப் பல பத்து வருடம் கழித்துத்தான் வருத்தம் காட்டும், அதனால்தான் எல்லோருக்கும் அலட்சியம். நீல அஸ்பெஸ்டஸ் என்ற வகையை இலங்கை 1987இலேயே தடை செய்துவிட்டது, எங்கள் கூரைகளில் இருப்பது பெரும்பாலும் வெள்ளை வகை. அதற்காக அது நல்ல பிள்ளை என்று அர்த்தமில்லை. பிள்ளைகள் இல்லாத லீவு நாளில், நனைத்து, ஆணியைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். சுத்தியலால் அடித்து விழுத்துவது வேலைக்காரருக்குச் சுகம், தூசு வகுப்புக்குள்ளே. குவிந்த துண்டுகளை விளக்குமாறால் கூட்ட விடாதீர்கள், தண்ணீர் அடித்துத் தடித்த பொலித்தீனில் கட்டச் சொல்லுங்கள். மகள் கொண்டுவந்த சீற் துண்டையும் அப்படியே கட்டுங்கள், புத்தகப் பையை ஈரத்துணியால் துடையுங்கள், உதற வேண்டாம்.

பிளாஸ்டிக்கை வெளியில் எரிப்பதற்கு 2017இலிருந்தே சட்டப்படி தடை. அதிபரிடம் தனியப் போனால் "பார்ப்பம்" என்பார். நாலு பெற்றோர் சேர்ந்து பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்து, பீ.எச்.ஐ.க்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) ஒரு பிரதி அனுப்புங்கள்.

கோண்டாவில் மருமகள்:
கடிதம் எழுத இரண்டு அம்மாமார் சம்மதித்துவிட்டார்கள். இன்றிரவுக்கு ஆர்.ஓ. கான் வந்துவிட்டது. பரிசோதனைக்குத் தண்ணீரைச் சும்மா சோடாப் போத்தலில் கொண்டுபோகலாமா?

ஆய்வுகூடத்துத் தம்பி:
சோடாப் போத்தல் வேண்டாம். கடையில் வாங்கிய குடிதண்ணீர்ப் போத்தலை அதே கிணற்றுத் தண்ணீரால் சில தரம் அலசி, நிரப்பி, அன்றைக்கே கொடுங்கள். கிருமிப் பரிசோதனையும் செய்வதானால் ஆய்வுகூடத்தில் தருகிற போத்தல்தான் வேண்டும். மாரி முடிந்ததும் இன்னொரு தரம் பாருங்கள், மழையோடு கணக்கு மாறும்.