அரசர் பெயர் பொறித்த எகிப்திய வண்டுக் கற்கள்: பெயர் இருந்தால் அவர் காலத்தவையா?

கொக்குவிலான்:
வணக்கம். இலண்டனிலிருந்து வந்திருந்த மாமா, பிரித்தானிய நூதனசாலையில் தாம் எடுத்த படங்களைக் காட்டினார். அவற்றுள் பெருவிரல் நகத்தளவான வண்டு வடிவக் கல்லொன்றின் அடிப்புறப் படமும் இருந்தது. நீள்வட்டக் கோட்டுக்குள் ஒரு வட்டம், மேல்விளிம்பில் பல் பல்லாக உள்ள ஒரு பலகை, ஒரு வண்டு ஆகிய மூன்று குறிகள் மட்டுமே அதில் வெட்டப்பட்டிருந்தன. அது மூன்றாம் துத்மோஸ் மன்னரின் பெயர் என்று விளக்கச் சீட்டில் எழுதியிருந்ததாம். ஆனால் அதே சீட்டில் அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட காலமும் குறிக்கப்பட்டிருந்தது. சீட்டில் பிழையா, அல்லது எனக்குத்தான் விளங்கவில்லையா?

வண்ணார்பண்ணை வாத்தியார்:
தம்பி, சீட்டில் பிழையில்லை. வட்டம் சூரியனாகிய 'ரே'; பலகை 'மென்', அதாவது நிலைத்திருத்தல்; வண்டு 'கெப்பர்', அதாவது உருக்கொள்ளல். கடவுளின் குறியை மரியாதைக்காக முதலில் எழுதிவிட்டுக் கடைசியில் வாசிப்பது எகிப்திய வழக்கமாதலால், இது 'மென்கெப்பர்ரே' என்றாகும்; மூன்றாம் துத்மோஸ் அரியணை ஏறியபோது சூடிய பெயர் அதுவே. (பிள்ளையார் சுழியை முதலில் போட்டாலும் நாங்கள் அதை வாசிப்பதில்லையே என்று வகுப்பில் சொல்வேன், உவமை முழுதும் பொருந்தாதுதான்.) சாணியுருட்டும் வண்டு காலையில் எழும் சூரியனின் வடிவமாகக் கருதப்பட்டதால், அந்த உருவமே ஒரு காப்பு. அதன் அடியில், ஏறத்தாழ 54 ஆண்டுகள் ஆண்டு சிரியா வரை படை நடத்திய மன்னரின் பெயரும் சேர்ந்தால் காவல் இரட்டிப்பாகும் என்று நம்பிய மக்கள், அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின்னரும் அதைப் பொறித்து அணிந்தனர். எங்கள் பக்கத்தில் அச்சரக்கூட்டைக் கட்டுபவர் அதிலுள்ள எழுத்து எந்தக் காலத்ததென்று பார்ப்பதில்லையே. போதாததற்கு, அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட 21 ஆம் அரசமரபுக் காலத்துத் தலைமைப் பூசகர் ஒருவருக்கும் மென்கெப்பர்ரே என்றே பெயர்.

நல்லூராள்:
வாத்தியார் ஐயா சொன்னது சிறு கற்களுக்குச் சரி. மூன்றாம் அமென்கொதெப் வெளியிட்ட பெரிய வண்டுக் கற்கள் வேறு வகை. உள்ளங்கையை நிறைக்கும் அவற்றின் அடிப்புறத்தில் வரி வரியாகச் செய்தியே பொறிக்கப்பட்டிருக்கும்: முதற் பத்து ஆண்டுகளில் மன்னர் தம் அம்பால் 102 சிங்கங்களை வீழ்த்தியது, பத்தாம் ஆண்டில் மித்தானி நாட்டு இளவரசி கிலுகெப்பா 317 பெண்களுடன் வந்து சேர்ந்தது, பதினோராம் ஆண்டில் அரசி தியேக்காக 3,700 முழ நீளமான ஏரி வெட்டுவித்தது என்றவாறு. இருநூறுக்கு மேற்பட்டவை கிடைத்துள்ளன. இவை தாயத்து என்பதைவிட அரச அறிவித்தல் என்றே எனக்குப் படுகிறது.

கொக்குவிலான்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் சிறு கல்லின் காலத்தை எதைக் கொண்டு கணிக்கிறார்கள்?

வண்ணார்பண்ணை வாத்தியார்:
பெயர் சொல்வது 'இதற்கு முன்பு அல்ல' என்பதை மட்டுமே. துருக்கிக் கரையோரம் உளுபுருனில் மூழ்கிக் கிடந்த கப்பலில் நெபெர்தித்தியின் பெயர் பொறித்த பொன் வண்டு கிடைத்தது. ஆகவே அக்கப்பல் அவர் அரசியாவதற்கு முன்பு மூழ்கியிருக்க முடியாது. மற்றையவற்றைக் கல்லின் முதுகுதான் சொல்லும். தலையின் வடிவம், சிறகுகளைப் பிரிக்கும் கோடுகள், பக்கவாட்டில் கால்களைச் செதுக்கிய விதம் ஆகியன காலத்துக்குக் காலம் மாறின. பெரும்பாலானவை மாக்கல்லால் ஆனவை. கத்தியாலேயே செதுக்கக்கூடிய அந்த மென்கல்லுக்கு நீலப்பச்சைப் பூச்சிட்டுச் சுட்டால் இறுகிவிடும். பூச்சு எஞ்சியுள்ள விதத்தையும் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கிடைத்த இடம் தெரிய வேண்டும். 1980 இல் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் கிடைத்த முத்திரை ஓர் எலும்புக்கூட்டுடன் ஈமக்குழியிலிருந்து எடுக்கப்பட்டதால்தான் அதைப் பற்றி இவ்வளவு பேச முடிகிறது. மாமாவிடம் அந்தக் கல்லின் முதுகுப் படமும் பக்கவாட்டுப் படமும் இருந்தால் இங்கே இடுங்கள்.

கொக்குவிலான்:
கேட்டுப் பார்த்தேன், ஐயா. எழுத்து இருந்த பக்கத்தை மட்டுமே எடுத்தாராம்.