மழை ஆபீசுக்கு நடந்து வந்த கதை

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு நாள் தாமதமானதற்கு மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: ‘வாக்கிங் டு த ஆபீஸ், த ரெயின் ஸ்டார்ட்டட்.’ ‘மழை எத்தனை மணிக்கு ஆபீஸ் வந்து சேர்ந்தது?’ என்று பதில் வந்தது. எனக்குக் கிண்டலே புரியவில்லை. பக்கத்து மேசைக்காரர்தான் விளக்கினார்: வாக்கிங் என்று தொடங்கினால், கமாவுக்குப் பின் வரும் எழுவாய்தான் நடந்த ஆள். அங்கே நான் இல்லை, மழைதான் இருந்தது.

யோசித்தால், இந்தத் தப்பு வந்தது தமிழ்ப் பழக்கத்திலிருந்து. ‘நடந்து போகும்போது மழை பிடித்துக்கொண்டது’ என்றால் போனது யார் என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. ‘போது’ இரண்டு எழுவாயைத் தாங்கும். வாக்கிங் மாதிரி ஐஎன்ஜி (-ing) என்று முடியும் ஆங்கிலச் சொல் இப்படி வாக்கியத்தைத் தொடங்கினால் தாங்காது. அது ‘நடந்தபடி’க்குத்தான் நெருக்கம். இப்போதெல்லாம் அனுப்பும் முன் தமிழில் திருப்பிப் பார்க்கிறேன்: ‘நடந்தபடி மழை தொடங்கியது.’ காதே ஒத்துக்கொள்ளாது. ஹேவிங் வந்தால் ‘விட்டு’ போடுவேன். ‘ஹேவிங் ஈட்டன் லஞ்ச், த மீட்டிங் பிகேன்’: சாப்பிட்டுவிட்டு மீட்டிங் தொடங்கியது. ஆக, சாப்பிட்டது மீட்டிங்!

*

இதைப் படித்த ஒருவர்: தமிழில் திருப்பிப் பார்க்கும் இந்தச் சோதனை என்னைக் கவிழ்த்திருக்கிறது. ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ தமிழில் குற்றமே இல்லை. ஒன்று காரணம், மற்றது விளைவு என்றால் ‘பெய்து’ வேறு எழுவாயோடும் சேரும். அதை நம்பி ‘ரெயினிங் ஹெவிலி, த டேங்க் ஃபில்ட் அப்’ என்று தேர்வில் எழுதினேன். குளம் பெய்ததாம். சிவப்பு மையில் ஒரே கோடு. ‘இட் ஹேவிங் ரெயின்ட் ஹெவிலி’ என்று அதற்கும் தனி எழுவாய் கொடுத்தால் சரிதான், ஆனால் பேச்சில் விறைப்பாக இருக்கும். நான் பிகாஸ் போட்டுத் தப்பித்துக்கொள்கிறேன்.

*

இன்னொருவர்: எனக்கு இந்தச் சொல் வரும் இடம்தான் முதலில் குழப்பம். ‘கதவருகே நிற்கும் பெண்’ என்று நாம் பெயருக்கு முன்னால் சொல்வது அங்கே பின்னால் போகிறது: ‘த வுமன் ஸ்டாண்டிங் நியர் த டோர்.’ ‘நிற்கும்’ ஐஎன்ஜி ஆகிறது, ‘எழுதப்பட்ட’ ரிட்டன் ஆகிறது. அது பழகிவிட்டது. அப்புறம் ஒரு சந்தேகம்: ‘கன்சிடரிங் த வெதர், த மேட்ச் வென்ட் வெல்’ என்கிறார்களே, மேட்ச்சா யோசித்தது?

*

அதற்குப் பதில்: இல்லை, மேட்ச் யோசிக்கவில்லை. கன்சிடரிங், ஜெனரலி ஸ்பீக்கிங் எல்லாம் பழகிப் பழகித் தனிச்சொல் மாதிரி ஆகிவிட்டவை. அவற்றிடம் ‘யார்?’ என்று கேட்க வேண்டாம்.