செயல்படு கருவா, கனல்கருவா?

பென்னாகரம், அறிவியல் ஆசிரியை:

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அதற்கான எங்கள் பள்ளிச் சுவரொட்டி நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. அதில் இருப்பது எம் 77 என்னும் சுருள் விண்மீன் திரள், தொலைவு ஏறக்குறைய 4.7 கோடி ஒளியாண்டு. அதன் நடுவிலுள்ள பெருங்கருந்துளையை நோக்கி விழும் வாயு வட்டாகச் சுழன்று சூடேறுவதால் மையம் அத்தனை வெளிச்சம். இத்தகைய திரள்களை 1943இல் கார்ல் சீஃபெர்ட் தனி வகையாக எடுத்துக்காட்டினார். ஆங்கிலத்தில் active nucleus எனப்படும் அந்த மையத்தைச் 'செயல்படு கரு' என்று எழுதியிருந்தேன். "அப்படியானால் நம் பால்வெளியின் கரு செயல்படாதா டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி. அங்கும் சுமார் 40 லட்சம் சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை இருக்கிறது. ஆனால் அடங்கிக் கிடக்கிறது. வேறு சொல் தாருங்கள்.

அரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கனல்கரு. வினைத்தொகை, அம்மா. கனன்ற கரு, கனல்கின்ற கரு, கனலும் கரு என மூன்று காலமும் அதற்குள் கரந்திருக்கின்றன. நாம் காண்பது 4.7 கோடி ஆண்டுக்கு முந்தைய ஒளி. இன்று அது கனல்கிறதா, அவிந்ததா, யார் சொல்வது? காலம் காட்டாத தொகையே இதற்குப் பொருந்தும்.

ஓசூர், மொழிபெயர்ப்பாளர்:

கனல் பெயர்ச்சொல்லும் அல்லவா? புணர்ந்தால் கனற்கரு ஆகும். மாணவர் எதை எழுதுவார்? 'செயல்மிகு கரு' என்றால் உரையே வேண்டாம்.

அரூர்:

கொல்களிற்றைக் கொற்களிறு என்று எழுதுவீர்களா? வினைத்தொகையில் லகரம் திரியாது. ஒற்றைப் பார்த்தே தொகையைச் சொல்லிவிடலாம். மிகுதி என்றால் எதனினும் மிகுதி என்ற கேள்வியும் எழுமே.

கிருஷ்ணகிரி, பொறியாளர்:

கருவை விடுங்கள். 'வட்டு' எதற்கு? தகடு என்போம். மயிலாடும்பாறையில் நாலாயிரம் ஆண்டுப் பழமையான இரும்பு கிடைத்த மண் இது. தருமபுரியின் பழைய பெயரான தகடூர் என்பதே இரும்புத் தகட்டால் வந்தது என்பது என் துணிபு.

பென்னாகரம்:

ஐயா, தகடு கெட்டியானது, முழுதும் ஒன்றாகச் சுழலும். இந்த வாயுவோ உள்ளே விரைவாகவும் வெளியே மெதுவாகவும் ஓடுகிறது. வட்டு வடிவத்தை மட்டும் சொல்கிறது, அதுவே இருக்கட்டும். கனல்கரு என்று அச்சுக்கு அனுப்புகிறேன். வகுப்பில் சொன்னதும் அடுப்பையும் சாம்பல் பூத்த தணலையும் அவர்களே பேசத் தொடங்கினார்கள். பால்வெளிக்கு 'அடங்கிய கரு' என்று ஒரு பையன் சொன்னான், அதையும் சேர்த்திருக்கிறேன்.

ஓசூர்:

அச்சிடுங்கள். என் மொழிபெயர்ப்பில் செயல்மிகு கருதான் இருக்கும்.