வங்க நடிகை மாதவி முகர்ஜி படங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

கேள்வி: 'சாருலதா' (1964) மட்டும் பார்த்திருக்கிறேன். அவருடைய நடிப்பு வளர்ந்த விதம் தெரிய எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1: மிருணாள் சென்னின் 'பைஷே ஷ்ராவண்' (1960). பஞ்சக் காலத்தில் ஒரு தாம்பத்யம் சிதைவதைச் சொல்லும் படம். அடுத்து சத்யஜித் ராயின் 'மகாநகர்' (1963). வீடு வீடாகப் பின்னல் இயந்திரம் விற்கும் ஆரத்தியாக வருகிறார். சக ஊழியர் எடித் தரும் லிப்ஸ்டிக்கை அவர் எப்படிக் கையாளுகிறார் என்று கவனியுங்கள், பாத்திரத்தின் மாற்றம் முழுவதும் அதில் இருக்கிறது. பிறகு 'சாருலதா'வை மறுபடி பாருங்கள். தொடக்கத்தில் ஜன்னல் ஜன்னலாகப் போய்க் சிறிய கைத் தொலைநோக்கி வழியே தெருவைப் பார்ப்பார். புத்தகத்தில் மூழ்கிய கணவர் அவரைக் கவனிக்காமலே கடந்து போவார். அந்தத் தொலைநோக்கி கணவர் பக்கமும் திரும்பும். வசனமே இல்லாமல் தனிமை புரிந்துவிடும். வங்க சினிமாவில் இதற்கு இணையான நடிப்பு அபூர்வம்.

பதில் 2: ஒரு திருத்தம். வெளியான ஆண்டை மட்டும் பார்த்து அடுக்கினால் தவறிப்போகும். ரித்விக் கட்டக்கின் 'சுபர்ணரேகா' 1965இல்தான் திரைக்கு வந்தது, ஆனால் எடுத்தது 1962 வாக்கில். அதை 'மகாநகர்'க்கு முன்னால் வையுங்கள்.

பதில் 3: ராயோடு மூன்றாவது படமான 'காபுருஷ்' (1965) விட்டுப்போயிற்று. தேசிய விருது வாங்கித் தந்ததோ 'திபாராத்ரிர் காவ்யா'.