கையில் இருந்த பாயிண்ட் கைவிட்டுப் போன அனுபவம் உண்டா?

#1
குடியிருப்பு வளாகத்து டென்னிஸ் டபுள்ஸ், போன மாதம். 5-4, 40-30, சர்வீஸும் என்னுடையது. எதிரே இருந்த பெரியவர் தூக்கியடித்த பந்து பேஸ்லைனை, அதாவது பின்கோட்டை, தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. நான் கோட்டுக்கு இரண்டடி பின்னால் நின்றபடி அதைக் கையால் பிடித்து, 'கேம், செட்' என்று கத்திவிட்டேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "பந்து தரையில விழலையே தம்பி, பாயிண்ட் எங்களுக்கு" என்றார். டியூஸ், அதாவது 40-40. அப்புறம் 7-5 என்று செட்டே போனது. அந்தத் துண்டுதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

#2
உங்களுக்காவது கையில் பட்டது. நான் நெட் பக்கம் நிற்க, என் பார்ட்னர் ரிசீவ் செய்ய, எதிராளியின் முதல் சர்வீஸ் தரையில் படாமல் நேராக என் இடுப்பில் அடித்தது. எப்படிப் பார்த்தாலும் ஃபால்ட்டாக, அதாவது தப்பான சர்வீஸாக, போயிருக்க வேண்டிய பந்து. ஆனால் ரிசீவரின் பார்ட்னர் மேல் பட்டாலும் பாயிண்ட் சர்வ் செய்தவருக்குத்தானாம். வலியோடு பாயிண்டும் போய், "நகர மாட்டியா?" என்று திட்டு வேறு.

#3
நெட் பக்கத்தில் பந்து தரையில் படும் முன்பே அடிக்கும் வாலி ஒன்றை அழகாகப் போட்டு முடித்தேன், பந்து இரண்டாவது தடவை விழுவதற்குள் ராக்கெட் வலையை உரசிவிட்டது, பாயிண்ட் போச்சு. அவ்வளவுதான் என் கதை. ஆனால் #1, நீங்கள் தோற்றது அந்த ஒரு பாயிண்டால் இல்லை. டியூஸுக்கு அப்புறமும் ஆட்டம் உங்கள் சர்வீஸில்தானே இருந்தது? நம் மட்டத்தில் எதிராளி தொடவே முடியாத வின்னர் அடித்து ஜெயிப்பவர் குறைவு, எதிராளி தானாக வெளியே அடிக்கும் வரை பந்தை உள்ளே வைத்திருப்பவர்தான் ஜெயிக்கிறார். சந்தேகம் வந்தால் கிராஸ் கோர்ட், அதாவது மூலைக்கு மூலை குறுக்காக, அடியுங்கள். வலை நடுவில் 3 அடி, கம்பத்தருகே மூன்றரை அடி. மூலைக்கு மூலை தூரமும் அதிகம், பந்து விழ இடம் கிடைக்கும். முதல் சர்வீஸில் வேகத்தைக் குறைத்து உள்ளே போடுங்கள், இரண்டாவதில் பயந்து மெல்லத் தட்டாதீர்கள். மொத்தத்தில் யார் அதிக பாயிண்ட் எடுக்கிறாரோ அவருக்குத்தான் மேட்ச்.

#4
கடைசி வரி தப்பு, #3. 2019 ஜூலை 14 ராத்திரி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு லார்ட்ஸ் உலகக் கோப்பை கிரிக்கெட் ஃபைனலுக்கும் விம்பிள்டன் டென்னிஸ் ஃபைனலுக்கும் மாறி மாறித் தாவியவன் சொல்கிறேன். ஐந்தாவது செட், 8-7, 40-15, ஃபெடரர் சர்வீஸ். இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட். முதலாவதில் ஃபோர்ஹேண்ட் வெளியே போனது. இரண்டாவதில் அவர் நெட்டுக்கு ஓடிவர, ஜோகோவிச் குறுக்கே அவரைத் தாண்டிப் போகும் ஒரு பாஸிங் ஷாட், வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் தூங்கியாச்சு, கத்தக்கூட முடியவில்லை. ஐந்தாவது செட் 13-12 என்று முடிந்த அந்த மேட்சில் ஃபெடரர் எடுத்தது 218 பாயிண்ட், ஜெயித்த ஜோகோவிச் 204. 2010 விம்பிள்டனில் இஸ்னர்-மஹூ மேட்ச், ஐந்தாவது செட் 70-68 வரை போனதே, அதில் தோற்ற மஹூ எடுத்தது 502, இஸ்னர் 478. எத்தனை பாயிண்ட் என்பதைவிட எந்த பாயிண்ட் என்பதுதான் டென்னிஸ்.

#5
நீங்கள் சண்டை போடுங்கள், நான் மகள் கதையைச் சொல்லிவிடுகிறேன். 12 வயதுக்கு உட்பட்டோர் மேட்ச், அம்பயர் கிடையாது, பிள்ளைகளே ஸ்கோர் சொல்ல வேண்டும். எதிர்ப் பெண் சர்வீஸ். இவள் இரண்டு பாயிண்ட் எடுத்திருக்கிறாள், அதாவது 30; அவள் ஒன்று, அதாவது 15. சர்வ் செய்பவர் ஸ்கோர்தான் முதலில் வரும், அதனால் 15-30. அந்தப் பெண் "30-15" என்றாள். என் மகள் 30 தன்னுடையது என்று நினைத்துத் தலையாட்டிவிட்டாள். அடுத்ததையும் இவளே எடுக்க, 15-40 ஆக வேண்டியது, அங்கிருந்து "30 ஆல்" (இருவருக்கும் 30) என்று வருகிறது. திரும்பி வேலிக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தாள். பெற்றோர் வாய் திறக்கக்கூடாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், விரலில் அச்சு விழுந்தது.